மறுத்தால் வழி தெரியும், மௌனம்தான் தொல்லை: சர்வரில் வலைச்சேவை நிறுவுவது பற்றி

வலைப்பக்கங்களைத் தரும் மென்பொருளான என்ஜின்எக்ஸை ஒரு சர்வரில் நிறுவ ஒரு நிமிடம்கூட ஆகாது. டெபியன், உபுண்டு என்றால் 'ஏபிடி இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்'. ராக்கி, ஆல்மா போன்ற ரெட் ஹாட் வகை என்றால் 'டிஎன்எஃப் இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்'. அதற்கப்புறம் பிரவுசரில் ஐபி முகவரியைத் தட்டினால் பல நேரம் பக்கம் வராது. வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் குழப்பம் இந்த இரண்டு குடும்பங்களின் சுபாவத்தால் வருவது. டெபியன் வகையில் ஒரு சேவையை நிறுவிய கையோடு அது ஓட ஆரம்பித்துவிடும், மறுபடி பூட் ஆனாலும் தானே எழுந்துவிடும். ரெட் ஹாட் வகையில் நிறுவினால் சும்மா கிடக்கும். 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் என்ஜின்எக்ஸ்' என்று நீங்கள்தான் எழுப்ப வேண்டும். வழக்கமான நிறுவலில் ஃபயர்வாலும் அங்கே முதல் நாளே பூட்டியிருக்கும், எந்த ப்ராசஸ் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸும் காவலுக்கு நிற்கும். உபுண்டு சர்வரிலோ யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கூடவே வந்தாலும் அணைந்துதான் இருக்கும். ஒன்றுக்கு எழுதிய குறிப்பை இன்னொன்றில் வரிக்கு வரி ஒட்டினால் பாதி வேலைதான் நடக்கும்.

பக்கம் வராதபோது பலர் கையாளும் மருந்து ஒன்றுதான்: ஃபயர்வாலை அணை, எஸ்இலினக்ஸை அணை, அடைவுக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடு. பக்கம் வந்துவிடும். எது தடுத்தது என்று மட்டும் தெரியாமலே போய்விடும், அடுத்த சர்வரிலும் இதையே செய்ய வேண்டியிருக்கும். சேவை ஓடுவது வேறு, சேவை கிடைப்பது வேறு. நடுவில் போர்ட், ஃபயர்வால், பெயர், கோப்பு அனுமதி, பின்னால் ஓடும் செயலி, சான்றிதழ் என்று ஆறு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உடையும்போது ஒவ்வொரு விதமாகச் சத்தம் போடும். அதைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் மூன்றையும் அணைக்க வேண்டியதில்லை.

கதவை உள்ளே இருந்து பூட்டிக்கொள்ளாமல் இருக்க

எதை நிறுவுவதற்கு முன்பும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச் சரியாக இருக்க வேண்டும். சாவி வைத்து நுழைவதை முதலில் ஏற்படுத்துங்கள். பாஸ்வேர்ட் நுழைவை மூடுவது அதன் பிறகு. மூடும்போது திறந்திருக்கும் அமர்வை விடாமல், இரண்டாவது டெர்மினலில் புதிதாக நுழைந்து பார்த்துவிட்டுத்தான் முதலாவதை மூட வேண்டும். எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே திறந்த அமர்வு அறுந்துபோகாது. தப்பித்துக்கொள்ள அதுவே எளிய வழி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பின் அடியில் 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ' என்று எழுதி, ரீஸ்டார்ட் செய்து, பூட்டியாயிற்று என்று நம்பிவிடுவார்கள். ஆனால் எஸ்எஸ்எச்டி ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் பார்த்தால் முதலில் பார்த்ததையே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி அடைவைச் சேர்க்கும் வரி உண்டு. பல கிளவுட் சர்வர்களில் அந்த அடைவுக்குள், முதல் பூட்டில் சர்வரைத் தயாராக்கும் கிளவுட்-இனிட் போட்டுவைத்த 50 என்று தொடங்கும் கோப்பு 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் அடியில் எழுதிய 'நோ' செல்லாக்காசு. 'எஸ்எஸ்எச்டி' கட்டளையைப் பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டினால் உண்மையில் எந்த மதிப்பு அமலில் இருக்கிறது என்று அச்சிடும். கோப்பைப் பார்த்து முடிவு செய்யாமல் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போர்ட் எண்ணை 22-இலிருந்து மாற்றுவதால் பாதுகாப்பு பெரிதாகக் கூடிவிடாது, லாகில் இரைச்சல் குறையும், அவ்வளவே. மாற்றுவதானால், உபுண்டு 24.04-இல் எஸ்எஸ்எச் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எஸ்எஸ்எச்.சாக்கெட் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணை மாற்றியபின் 'சிஸ்டம்சிடிஎல் டெமன்-ரீலோட்' செய்து, அந்த சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புது எண்ணுக்கு நகரும்.

யுஎஃப்டபிள்யூவை இயக்கும் முன் 'அலவ் ஓபன்எஸ்எஸ்எச்'. வரிசை மாறினால் வாடகை சர்வரில் வெளியே நிற்க வேண்டியதுதான், நிறுவனத்தின் வெப் கன்சோல் வழியாக நுழைந்து சரிசெய்யும்வரை. நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போதும் இதே கவனம். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் 'அப்ளை' செய்வதற்குப் பதில் 'ட்ரை' செய்தால் 120 விநாடிக்குள் என்டர் அழுத்தாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். இணைப்பு அறுந்தால் உங்களால் என்டர் அழுத்த முடியாது, அதனால் அதுவே உங்களைக் காப்பாற்றிவிடும். இவ்வளவு புத்திசாலித்தனமான வசதியை ஏனோ பலர் தொடுவதே இல்லை.

கடிகாரத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 'டைம்டேட்சிடிஎல்' என்று அடித்தால் நேரம் ஒத்திசைந்திருக்கிறதா என்று ஒரு வரியில் சொல்லும். இல்லையென்றால் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியை நிறுவி, யுடிபி 123 வெளியே போக வழிவிடுங்கள். கடிகாரம் பின்தங்கினால் புதிதாக வாங்கிய சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று காட்டும். விண்டோஸ் பயனர்களை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி சூழலில் 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே, அடையாளம் சரிபார்க்கும் கெர்பராஸ் நுழைய விடாது. இந்தப் பிழைகளில் கடிகாரம் என்ற சொல்லே வராமல் போகலாம், அதனால் அங்கே தேடவும் தோன்றாது.

யார், எங்கே காது கொடுத்துக் கேட்கிறார்கள்

சேவை ஓடுகிறது என்று சிஸ்டம்சிடிஎல் பச்சை நிறத்தில் சொன்னாலும் அதை நம்ப வேண்டாம். 'எஸ்எஸ்' கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு ஆப்ஷன்களோடு, சூடோ போட்டு ஓட்டுங்கள். டிசிபி, கேட்டுக்கொண்டிருப்பவை மட்டும், பெயருக்குப் பதில் எண், எந்த ப்ராசஸ் என்று பொருள். சூடோ இல்லாவிட்டால் மற்றவர்களுடைய ப்ராசஸ் பெயர் தெரியாது.

வரும் பட்டியலில் பார்க்க வேண்டியது போர்ட் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் முகவரியை. 0.0.0.0:80 என்றால் எல்லா ஐபிவி4 முகவரியிலும் கேட்கிறது. 127.0.0.1:3000 என்றால் அந்த சர்வருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும்; வெளியிலிருந்து ஃபயர்வாலை எவ்வளவு திறந்தாலும் வராது. சதுர அடைப்புக்குள் இரட்டை முக்காற்புள்ளி இருந்தால் ஐபிவி6. ஒரு செயலி, பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் கட்டளையான கர்லுக்கு உள்ளே பதில் சொல்லி, வெளியே சொல்லாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த 127.0.0.1-ஐத்தான்.

அதை உடனே 0.0.0.0 என்று மாற்றிவிடவும் கூடாது. மைஎஸ்க்யூஎல் 3306, போஸ்ட்கிரெஸ் 5432, ரெடிஸ் 6379 ஆகிய தரவுத்தளங்கள் 127.0.0.1-இல் கேட்பதுதான் சரி. வெளியே தெரிய வேண்டியவை 80-உம் 443-உம்தான். உங்கள் செயலி எந்த எண்ணில் ஓடினாலும் என்ஜின்எக்ஸ் முன்னால் நின்று வாங்கி உள்ளே கொடுக்கட்டும். 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைப் பிடிக்க லினக்ஸில் தனி அதிகாரம் வேண்டும், அதற்காகச் செயலியை ரூட்டாக ஓட்டும் வழக்கத்தையும் இது ஒழித்துவிடும்.

இப்போது வெளியிலிருந்து, வேறொரு கணினியிலிருந்து, 'கர்ல் -வி' போட்டுப் பாருங்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் நல்ல செய்தி. பாக்கெட் சர்வர்வரை போய்ச் சேர்ந்தது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை என்று சர்வரின் கெர்னலே ரீசெட் அனுப்பியிருக்கிறது. ஃபயர்வாலைத் தொட வேண்டாம். சேவை ஓடவில்லை, அல்லது தவறான முகவரியில் கேட்கிறது. ஒன்றும் வராமல் இரண்டு நிமிடம் தொங்கிவிட்டு 'டைம்டு அவுட்' என்றால் நடுவில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். யுஎஃப்டபிள்யூவின் இயல்பான மறுப்பும், பெரும்பாலான கிளவுட் ஃபயர்வால்களும் இப்படித்தான். மூன்றாவது ஒன்று உண்டு: 'நோ ரூட் டு ஹோஸ்ட்'. படித்தவுடன் ரூட்டிங் கெட்டுவிட்டது என்று தோன்றும். ரெட் ஹாட் வகை சர்வரில் அது பெரும்பாலும் அங்குள்ள ஃபயர்வாலான ஃபயர்வால்டியின் குரல்தான். அது பாக்கெட்டை விழுங்காமல் 'நிர்வாகத் தடை' என்று ஐசிஎம்பி பதில் அனுப்பும், எதிர்முனையில் அது இந்த வாசகமாக மாறிவிடும். பிங் போகிறது, எஸ்எஸ்எச் வருகிறது, 80 மட்டும் 'நோ ரூட்' என்றால் ரூட்டிங் டேபிளை நோண்டாமல் 'ஃபயர்வால்-சிஎம்டி'யில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டையும் '--பெர்மனன்ட்' போட்டுச் சேர்த்து '--ரீலோட்' செய்யுங்கள். பெர்மனன்ட் போட்டு ரீலோட் செய்யாவிட்டால் இப்போது வேலை செய்யாது, பெர்மனன்ட் போடாவிட்டால் அடுத்த பூட்டுக்குப் பின் வேலை செய்யாது.

விண்டோஸ் சர்வரில் இந்தப் பாகுபாடு அப்படியே செல்லாது. அதன் ஃபயர்வால் யாரும் கேட்காத போர்ட்டுக்கும் பதில் சொல்லாமல் ஒளிந்துகொள்ளும், அதனால் சேவை செத்திருந்தாலும் வெளியே மௌனம்தான். அங்கே 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' போட்டு உள்ளே பார்ப்பதே வழி. 80-ஐப் பிடித்திருப்பது ப்ராசஸ் எண் 4, பெயர் 'சிஸ்டம்' என்று காட்டினால் வைரஸோ என்று பயப்பட வேண்டாம். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் உட்பட பல சேவைகளுக்காக எச்டிடிபி.சிஸ் என்ற கெர்னல் டிரைவர்தான் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதே விண்டோஸில் அப்பாச்சி என்ற வெப் சர்வரையும் 80-இல் ஓட்ட முயன்றால் மோதல் வருவதற்குக் காரணம் இதுவே.

செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. யுஎஃப்டபிள்யூவில் 5432-ஐ மூடிவிட்டு, கன்டெய்னரை '-பி 5432:5432' என்று ஓட்டினால் அந்தத் தரவுத்தளம் இணையம் முழுக்கத் திறந்திருக்கும். யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் மூடியிருப்பதாகவே காட்டும். டாக்கர் தன் விதிகளை நேரடியாகக் கெர்னலின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது. அந்தப் பாக்கெட் சர்வருக்குள் இறங்காமல் கன்டெய்னருக்குத் திருப்பிவிடப்படுவதால் யுஎஃப்டபிள்யூவின் உள்வரவு விதிகளைத் தொடுவதே இல்லை. '127.0.0.1:5432:5432' என்று முன்னால் முகவரி சேர்த்து எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

பெயர்

டொமைன் பெயரைப் புது சர்வருக்குத் திருப்பும் முன்பே சோதித்துவிடலாம். கர்லில் '--ரிசால்வ்' என்ற ஆப்ஷனுக்கு டொமைன், போர்ட், புது ஐபி மூன்றையும் முக்காற்புள்ளி இட்டுக் கொடுத்தால், பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் அந்த ஐபிக்கே போகும். அதில் சரியாக வந்த பிறகு டிஎன்எஸ் மாற்றினால் போதும். மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்லை, அதாவது பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவை, 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். மாற்றும் அன்று குறைத்துப் பயனில்லை, பழைய டிடிஎல்லோடு எடுத்து வைத்தவர்கள் அது தீரும்வரை பழையதையே வைத்திருப்பார்கள்.

ஐபிவி4 முகவரி சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, ஐபிவி6 முகவரி சொல்லும் ஏஏஏஏ ரெக்கார்டை மறப்பது அடிக்கடி நடக்கும். ஐபிவி6 உள்ள பயனர்கள் பழைய சர்வருக்குப் போவார்கள், மற்றவர்கள் புதியதற்கு. உங்களுக்கு வரும், வாடிக்கையாளருக்கு வராது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டும் ஏஏஏஏ இருந்தால் முதலில் ஐபிவி6 வழியாகவே வந்து பார்க்கும், பழைய சர்வரைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தர மறுக்கும்.

பெயர் சரியாக வந்து சேர்ந்தும் உங்கள் தளத்துக்குப் பதில் 'வெல்கம் டு என்ஜின்எக்ஸ்' வந்தால், கேட்ட பெயர் எந்த சர்வர் பிளாக்கின் (என்ஜின்எக்ஸ் அமைப்பில் ஒரு தளத்துக்கான பகுதி) 'சர்வர்_நேம்' வரியோடும் பொருந்தவில்லை. பொருந்தாதபோது என்ஜின்எக்ஸ் பிழை காட்டாது. 'டிஃபால்ட்_சர்வர்' என்று குறித்த பிளாக்கை, குறிக்காவிட்டால் முதலில் படித்த பிளாக்கைக் கொடுத்துவிடும். டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்த பெயரை எழுத மறந்தது, அமலில் உள்ள தளங்களின் சைட்ஸ்-எனேபிள்டு அடைவில் லிங்க் போடாதது, போட்ட லிங்க் அரைகுறைப் பாதையாக இருந்து எங்கும் போய்ச் சேராதது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். லிங்க் போடும்போது முழுப் பாதையையும் எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு வேடிக்கை: திருத்தும் முன் பாதுகாப்புக்காகக் கோப்பை '.பேக்' என்று நகலெடுத்து அதே சைட்ஸ்-எனேபிள்டு அடைவில் வைப்பது. அங்கே உள்ள எல்லாக் கோப்பையும் என்ஜின்எக்ஸ் படிக்கும், நீட்டிப்பைப் பார்க்காது. பழையதும் புதியதும் ஒரே பெயருக்குப் போட்டியிடும், 'கான்ஃபிளிக்டிங் சர்வர் நேம்' என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், நீங்கள் திருத்தியது அமலுக்கு வராமலே போகலாம். 'என்ஜின்எக்ஸ் -டி' போடும்போது கடைசி வரியில் 'சக்சஸ்ஃபுல்' என்பதை மட்டும் பார்க்காமல் மேலே உள்ள எச்சரிக்கைகளையும் படியுங்கள். பிறகு 'ரீலோட்', 'ரீஸ்டார்ட்' வேண்டாம். ரீலோட்டில் அமைப்பு தவறாக இருந்தால் பழையதே தொடர்ந்து ஓடும், ரீஸ்டார்ட்டில் தளம் படுத்துவிடும்.

403, 502, அவற்றின் பின்னால் இருப்பது

403, அதாவது 'அனுமதி இல்லை', வந்தால் எல்லோரும் அந்தக் கோப்பின் அனுமதியைப் பார்ப்பார்கள். 644 சரியாகவே இருக்கும். குறை பெரும்பாலும் மேலே எங்கோ இருக்கும். ஒரு கோப்பைப் படிக்க, ரூட்டிலிருந்து அதுவரை உள்ள ஒவ்வொரு அடைவிலும் நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ் பிட், அந்தப் பயனருக்கு இருக்க வேண்டும். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனராக ஓடுகிறது. தளத்தை உங்கள் ஹோம் அடைவுக்குள் வைத்திருந்தால், 21.04 முதல் புதிய ஹோம் அடைவுகள் 750 என்றுதான் உருவாகின்றன. வெளியாருக்கு உள்ளே நுழையவே வழியில்லை. 'நேம்ஐ -எல்' என்ற கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுத்தால் ஒவ்வொரு படியின் அனுமதியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும், எந்தப் படியில் எக்ஸ் இல்லை என்று கண்ணிலேயே தெரியும். ஹோம் அடைவைத் திறந்துவிடுவதைவிடத் தளத்தை 'வார்' (/var) அடைவின் கீழ் உள்ள 'டபிள்யூடபிள்யூடபிள்யூ'வுக்கு நகர்த்துவதே முறை. அடைவுக்கு 755, கோப்புக்கு 644. செயலி எழுத வேண்டிய அப்லோட் அடைவுக்கு மட்டும் அந்தப் பயனரை உரிமையாளராக்கினால் போதும். 777 எதற்கும் வேண்டியதில்லை.

ரெட் ஹாட் வகையில் நகர்த்தியும் 403 போகாமல் இருக்கும். 'எம்வி' கட்டளை கோப்போடு அதன் பழைய எஸ்இலினக்ஸ் அடையாளத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். ஹோமிலிருந்து வந்தது ஹோமின் முத்திரையோடே இருக்கும். 'எல்எஸ்' கட்டளையைப் பெரிய இசட் ஆப்ஷனோடு போட்டால் முத்திரை தெரியும், 'ரீஸ்டோர்கான் -ஆர்வி' போட்டால் இடத்துக்கேற்ற முத்திரை விழும்.

502 என்றால் என்ஜின்எக்ஸ் நலம், பின்னால் இருப்பவரோடுதான் தகராறு. எர்ரர் லாகில் வரும் வரியில் அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். அதை மட்டும் பாருங்கள். 111 என்றால் செயலி அந்தப் போர்ட்டில் இல்லை. 2 என்றால், போர்ட்டுக்குப் பதில் ஒரே சர்வருக்குள் பேசிக்கொள்ள உதவும் யூனிக்ஸ் சாக்கெட் கோப்பே இல்லை. பிஎச்பி செயலிகளை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் பதிப்பு மாறி, சாக்கெட் பெயரில் உள்ள எண்ணும் மாறியபின் இது வரும். 13 என்றால் அனுமதி மறுப்பு. சாக்கெட் கோப்பாக இருந்தால் அதன் உரிமையாளரைப் பாருங்கள். 127.0.0.1:3000 போன்ற டிசிபி முகவரிக்கே 13 வந்தால் சந்தேகமே வேண்டாம், எஸ்இலினக்ஸ்தான். வெப் சர்வர் தானாக வெளியே இணைப்பு தொடங்குவதை அது இயல்பில் அனுமதிக்காது. 'செட்செபூல் -பி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் 1' என்ற ஒரே கட்டளையில் தீரும் விஷயம். இதற்காக எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டு ஓடும் சர்வர்களை நினைத்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

504 என்றால் பெரும்பாலும் செயலி இணைப்பை ஏற்றுக்கொண்டது, 60 விநாடிக்குள் பதில் தரவில்லை. 'ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்'டை 600 ஆக்குவது பிழையை ஒளித்துவைக்கும், வேகத்தைக் கூட்டாது. 413 என்றால் அனுப்பிய கோப்பு வரம்பைவிடப் பெரிது, 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' இயல்பாக 1 எம்பி என்பதை யாரும் மாற்றவில்லை.

கோரிக்கையைச் செயலிக்குக் கைமாற்றும் 'ப்ராக்ஸி_பாஸ்' வரியின் கடைசியில் உள்ள சாய்கோடு ஒற்றை எழுத்துதான், ஆனால் பாதையே மாறிவிடும். '/ஏபிஐ/' என்ற லொகேஷனுக்குள், போர்ட் எண்ணோடு முடித்தால் செயலிக்கு '/ஏபிஐ/யூசர்ஸ்' என்றே முழுதாகப் போகும். எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டால் '/ஏபிஐ/' வெட்டப்பட்டு '/யூசர்ஸ்' மட்டும் போகும். செயலியிலிருந்து 404 வந்தால் அதன் லாகில் எந்தப் பாதை பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஆகிய மூன்று ஹெட்டர்களையும் (கேட்ட பெயர், பயனரின் ஐபி, எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதைச் சொல்பவை) செயலிக்கு அனுப்ப மறக்காதீர்கள். கடைசியானதை விட்டால், எச்டிடிபிஎஸ்ஸில்தான் வந்திருக்கிறோம் என்று தெரியாத செயலி மறுபடி மறுபடி எச்டிடிபிஎஸ்ஸுக்கே திருப்பிவிட, பிரவுசர் சுற்றிச் சுற்றிக் களைத்து நின்றுவிடும்.

சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்காகச் செயலியை ஒரு யூனிட் கோப்பாக எழுதும்போது 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இயல்பான அமைப்பில் சிஸ்டம்டி 100 மில்லிவிநாடி மட்டும் காத்து மறுபடி எழுப்பும். 10 விநாடிக்குள் 5 முறை எழுப்பியும் விழுந்தால் கைவிட்டுவிடும். தரவுத்தளம் எழ மூன்று விநாடி தாமதித்தால், அதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்து, செயலி படுத்தே கிடக்கும். 'ரீஸ்டார்ட்செக்=5' என்று ஒரு வரி சேர்த்தால் பத்து விநாடிக்குள் ஐந்து முறை என்ற கணக்கே எட்டாது.

சான்றிதழ்

சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் வேலையைச் சுலபமாக்கிவிட்டது, அதனால் அதில் என்ன உடையும் என்பதை மட்டும் சொல்கிறேன். லெட்ஸ் என்க்ரிப்ட் எச்டிடிபி வழியாகச் சரிபார்க்கும்போது 80-ஆம் போர்ட்டுக்குத்தான் வரும். 'எல்லாம் 443-தானே' என்று பிறகு 80-ஐ மூடியவர்களுக்கு, முதல் முறை இந்த வழியில் சரியாக வாங்கியிருந்தாலும், புதுப்பிக்கும்போது அடிவிழும். தோல்வி வந்தால் காரணம் பார்க்காமல் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம்: ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 தோல்வி, அதே பெயர்த் தொகுதிக்கு 7 நாளில் 5 சான்றிதழ் என்று வரம்பு உண்டு. '--ட்ரை-ரன்' போட்டுச் சோதித்தால் சோதனைச் சர்வரில் நடக்கும், அசல் கணக்கில் சேராது.

அமைப்பில் 'செர்ட்.பெம்' கோப்பைக் கொடுக்காமல் 'ஃபுல்செயின்.பெம்' கொடுக்க வேண்டும். முதலாவதில், உங்கள் சான்றிதழை பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் இருக்காது. மேசைக் கணினியின் பிரவுசர் அதை வேறெங்கோ பார்த்து நினைவில் வைத்திருந்தால் பூட்டுச் சின்னம் அழகாகத் தெரியும். கைபேசிச் செயலியும் கர்லும் மட்டும் மறுக்கும். 'ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்' கட்டளையில் '-சர்வர்நேம்' சேர்த்து ஓட்டி, சங்கிலியில் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

90 நாள் சான்றிதழை செர்ட்பாட் தானே புதுப்பிக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் பழையதை நினைவகத்தில் வைத்திருக்கும். என்ஜின்எக்ஸ் ப்ளக்இன் பயன்படுத்தினால் அதுவே ரீலோட் செய்துவிடும். சரிபார்ப்புக் கோப்பைத் தளத்தின் அடைவில் வைக்கும் வெப்ரூட் முறையில் வாங்கினால் '--டிப்ளாய்-ஹுக்' கொடுத்து ரீலோட் கட்டளையை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். வட்டில் புதிது, பிரவுசரில் காலாவதி என்ற விசித்திரம் இங்கேதான் பிறக்கிறது. காலாவதி எச்சரிக்கை மின்னஞ்சல்களை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது, எனவே கண்காணிப்பும் உங்கள் பொறுப்பே. கையால் வாங்கிக் கையால் ஒட்டும் காலமும் முடிகிறது: பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்.

இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் ஹெட்டரை முதல் நாளே ஓராண்டுக்குப் போட வேண்டாம். 300 விநாடியில் தொடங்கி, எல்லாத் துணை டொமைனும் எச்டிடிபிஎஸ்ஸில் சரியாக வந்தபின் கூட்டுங்கள். எச்டிடிபிஎஸ் உடைந்துவிட்டால், ஒருமுறை பிரவுசர் வாங்கி வைத்துக்கொண்டதை நீங்கள் இங்கிருந்து திரும்பப் பெற முடியாது.

உள் நெட்வொர்க்கின் டிஎன்எஸ், டிஎச்சிபி

உபுண்டுவில் பைண்ட் அல்லது டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளை நிறுவினால் '53 ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று வரலாம். உபுண்டுவின் சொந்தப் பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53-இல் உட்கார்ந்திருப்பதே காரணம். 'டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்=நோ' போட்டு அதை அங்கிருந்து கிளப்பிவிட்டு, ரிசால்வ்.கான்ஃப் எங்கே சுட்டுகிறது என்பதையும் திருத்துங்கள். இரண்டாவதை மறந்தால் அந்த சர்வருக்கே பெயர் தெரியாமல் போய், ஏபிடிகூட ஓடாது.

ஒரு டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கும் பைண்டின் ஸோன் கோப்பில் கடைசிப் புள்ளி முக்கியம். ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் சிநேம் எதிரே முழுப் பெயரை எழுதி, இறுதியில் புள்ளி வைக்காவிட்டால் அதன் வாலில் டொமைனை இன்னொரு முறை ஒட்டிவிடும்: மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம். 'நேம்டு-செக்ஸோன்' இதைப் பெரும்பாலும் இலக்கணப் பிழையாகப் பார்க்காது, அதனால் 'டிக்' போட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். சீரியல் எண்ணை ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்த எண் என்று பத்து இலக்கத்தில் எழுதுவது வழக்கம். கூட்ட மறந்தால் இரண்டாம் நிலை சர்வர் புதியதை எடுக்காது. யுடிபி 53-ஓடு டிசிபி 53-ஐயும் திறங்கள், பெரிய பதில்கள் டிசிபிக்கு மாறும். ரிகர்ஷனை, அதாவது வெளிப் பெயர்களையும் தேடித் தருவதை, உங்கள் நெட்வொர்க்குக்கு மட்டும் விடுங்கள். 'எனி' என்று விட்டால் உங்கள் சர்வர் யாரையோ தாக்கப் பயன்படும் பெருக்கியாகிவிடும்.

கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியில் ஒரே விதி: ஒரு நெட்வொர்க் பகுதியில், பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு டிஎச்சிபி சர்வர்கள் இருக்கக் கூடாது. யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவருடைய முகவரியைக் கணினி எடுத்துக்கொள்ளும், சிலருக்கு இணையம் வரும், சிலருக்கு வராது. ஓரமாகச் செருகிய ஒரு சின்ன வைஃபை ரவுட்டரே இதற்குப் போதும். நிலையான ஐபி கொடுத்த சர்வர்களை, டிஎச்சிபி வழங்கும் முகவரித் தொகுப்பான பூலுக்கு வெளியே வையுங்கள். புதிதாக நிறுவுவதானால் ஐஎஸ்சி டிஎச்சிபியைத் தொட வேண்டாம், 2022-இல் அதன் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே ஐஎஸ்சியின் கீயா இருக்கிறது.

ரீபூட்

எல்லாம் வேலை செய்கிறது என்றதும் கையோடு சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துக் கெர்னல் அப்டேட்டுக்காக நள்ளிரவில் ரீபூட் செய்யும்போது, இன்று கையால் தொடங்கிவைத்தது எது, எனேபிள் செய்தது எது என்று யாருக்கும் நினைவிருக்காது. எழுந்தவுடன் 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு', பிறகு அதே 'எஸ்எஸ்' கட்டளை. முன்பு எடுத்த பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கையால் தொடங்கினால் ஓடுகிற சேவை பூட்டில் மட்டும் 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று விழுந்திருந்தால், அதன் அமைப்பில் 0.0.0.0-க்குப் பதில் குறிப்பிட்ட ஐபி எழுதியிருக்கிறது, நெட்வொர்க் அந்த ஐபியை வாங்குவதற்குள் சேவை முந்திக்கொண்டுவிட்டது. யூனிட்டில் 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டிலும் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' சேருங்கள். வெறும் 'நெட்வொர்க்.டார்கெட்' போதாது, அது ஐபி கிடைக்கும்வரை காத்திருக்காது. சேர்த்தபின் டெமன்-ரீலோட், மறுபடி ஒரு ரீபூட்.